பத்தொன்பதும் இரண்டு சிறு கோடும்

சும்மா கிடைக்கும் பொருளைக் குறை சொல்வதில் நமக்குள்ள சுறுசுறுப்பு, காசு கொடுத்து வாங்கிய பொருளில் இருப்பதில்லை. கடையில் வாங்கியது என்றால் ரசீதைத் தேட வேண்டும், கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். சும்மா கொடுத்தவர் எங்கோ இருக்கிறார், முகமும் தெரியாது. வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். சின்னி அப்படித்தான் போனாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல பசி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சின்னி என்பது வீட்டுப் பேர். வயது முப்பத்துநான்கு. ஒன்பது வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அந்தக் கடையை மூடியதும், "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அந்த ஒரு மாதம் மூன்றாவது வருஷத்தில் போய்க்கொண்டிருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை மற்றவர்கள் எழுவதற்கு முன்பே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கொடியில் தன் துணியை ஓரமாகத்தான் காயப்போடுவாள்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறான். வீட்டை ஓட்டுவது அண்ணி. அண்ணிக்குச் சொந்தமாகத் தையல் கடை இருந்தது. மருந்துக்கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில், மூன்று பேர் உள்ளே நின்றால் நாலாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. இரண்டு தையல் மெஷின், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஒரு ஓவர்லாக், பழைய கதவைப் படுக்கவைத்துச் செய்த வெட்டுமேசை, பின்னால் திரை போட்ட டிரையல் ரூம். தெருவுக்கே அவள் 'மாஸ்டர்'. புதிதாக வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் இல்லீங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "இருக்கேன், கையைத் தூக்குங்க" என்பாள். அதற்குள் டேப் மார்பைச் சுற்றி வந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் படியில் வழுக்கி விழுந்ததில் அண்ணியின் வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த அன்றே கத்திரியை எடுத்துப் பார்த்தாள், கை ஆடவில்லை. பென்சிலை எடுத்துப் பார்த்தாள், ஆடியது. "கத்திரிக்குக் கனம் இருக்கு, அது கையைப் பிடிச்சுக்குது. பென்சிலுக்கு என்ன இருக்கு" என்றாள். கழுத்து வளைவையும் கை வளைவையும் வரைய முடியாமல் போனால் மாஸ்டர் எப்படி மாஸ்டராக இருப்பது? கடையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

அப்போது 'உடலளவு' என்ற மென்பொருளைத் தேடிப் பிடித்தது சின்னிதான். ஒருவருடைய அளவுகளைக் கொடுத்தால் போதும், அந்த உடம்புக்கென்றே பேட்டர்ன் வரைந்து கொடுக்கும். தாள் தாளாக அச்செடுத்து ஒட்டி, துணிமேல் விரித்து வெட்ட வேண்டியதுதான். இடது தோள் ஒரு மாதிரி, வலது தோள் ஒரு மாதிரி இருந்தாலும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளும். இணையத்திலேயே ஓடும், காசு கிடையாது. அதன் நிரலும் ஒளிவுமறைவில்லாமல் திறந்தே கிடக்கும். விஷயம் தெரிந்தவர்கள் எடுத்துத் திருத்தலாம். தெரியாதவர்களுக்கென்று 'குறைகள்' என ஒரு பக்கம் இருந்தது, அங்கே எழுதலாம். ஆக்கியவர் தன் பேரை 'நூல்கண்டு' என்று போட்டிருந்தார். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. "பொம்பளைதான். கவுனுக்குப் பாக்கெட் வச்சிருக்கு பாரு" என்று அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கணினி மூலை சின்னியுடையது ஆயிற்று. அளவைப் போடுவது, அச்செடுப்பது, ஒட்டுவது எல்லாம் அவள். வெட்டுவது அண்ணி. கடை பிழைத்தது. அந்த மாதம்தான் சின்னி கொடியின் நடுவில் துணி காயப்போட ஆரம்பித்தாள்.

வினை வெல்வெட்டில் வந்தது.

வயலின்காரம்மா பழைய வாடிக்கை. முப்பது வருஷம் கூட்டத்தோடு உட்கார்ந்து வாசித்தவர், முதல்முறையாக முன்னால் தனியாக நின்று வாசிக்கப்போகிறார். அதற்கு ஒரு நீளக்கை கவுன் வேண்டும். கரு நீல வெல்வெட் கொண்டுவந்தார். அவருடைய அம்மா எப்போதோ வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன துணி. அந்த நிறம் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. நாற்பது வருஷம் வயலினைத் தாங்கியதில் அவருக்கு இடது தோள் ஏறியிருக்கும், அதனால் உடலளவு இல்லாமல் அவருக்குத் தைக்கவே முடியாது. சின்னி அளவைப் போட்டாள். சில நாள் முன்புதான் புதிய பதிப்பு வந்திருந்தது. அச்செடுத்தபோது ஓரக் கோடுகள் வெட்டுப்பட்டு வந்தன. அவள் ஜெராக்ஸ் கடைக்காரி ஆயிற்றே, ஒரு நிமிஷத்தில் அதைச் சரிசெய்துவிட்டு மளமளவென்று அச்செடுத்து ஒட்டிக் கொடுத்தாள்.

டிரையலுக்கு வந்த வயலின்காரம்மா கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, இல்லாத வயலினை எடுத்து இல்லாத வில்லால் வாசித்தார்.

"கழுத்து அருமையா உட்கார்ந்திருக்கு மாஸ்டர், அதுல கை வைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "முழங்கை இந்த உயரம் வரைக்கும் சரியா வருது. தடிச்ச தந்திக்கு வில்லைக் கொண்டு போனா, அக்குளுக்குக் கீழ ஒரு விரக்கடை இழுக்குது. மூச்சை நல்லா இழுத்தா முதுகு நடுவுல பிடிக்குது. உட்கார்ந்து வாசிக்கிறதா இருந்தா சமாளிச்சுக்குவேன். நிக்கணுமே."

அண்ணி கவுனை மேசையில் போட்டு அளந்தாள். மார்புச் சுற்று நூறு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது தொண்ணூற்றாறு இருந்தது. லூஸுக்கென்று விட்ட ஆறில் நாலைக் காணோம். அளவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள், சரி. கணினியில் போட்டிருந்த எண்களையும் பார்த்தாள், சரி. வெல்வெட்டைப் பிரித்துத் தைத்தால் பழைய ஊசித்தடம் பல்லிளிக்கும். மீதித் துணியில் மேல்பாகத்தை மட்டும் இன்னொரு தடவை வெட்டலாம். மூன்றாவது தடவைக்குத் துணி இல்லை. கச்சேரிக்கு மூன்று வாரம்.

"புது மாத்தம் வந்த பிறகுதான் இப்படி. அந்த நூல்கண்டு எங்கேயோ கணக்கைக் கோட்டை விட்டிருக்கு. எழுது" என்றாள் அண்ணி.

சின்னி மாஸ்டர் பேரில் எழுதினாள். "இருபத்திரண்டு வருஷம் கத்திரி பிடித்தவள் சொல்கிறேன். உங்கள் புதிய பதிப்பின் கணக்கு தப்பு. ஒருவருடைய விலைமதிப்பில்லாத துணி பாழாகிவிட்டது." இவ்வளவுதான் அண்ணி சொன்னது. சொல்லிவிட்டு வயலின்காரம்மாவை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். சின்னிக்குப் பசி, கோபம், தன் மூலையிலிருந்து புறப்பட்ட பேட்டர்ன் மாஸ்டருக்குத் தலைகுனிவைக் கொண்டுவந்துவிட்டதே என்ற பயம். இன்னொரு வரியைத் தானாகச் சேர்த்தாள்: "தைக்கத் தெரியாதவர்கள் தையலுக்கு நிரல் எழுதினால் இப்படித்தான் முடியும்." அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவள் கை கழுவி வருவதற்குள் பதில் வந்திருந்தது. "துணி பாழானதற்கு மிகவும் வருந்துகிறேன். ஒரு சின்ன உதவி. எந்த உடைக்கும் முதல் தாளில் ஒரு நடுக்கோடு இருக்கும், கவுனுக்கு அது முதுகின் நடுக்கோடு. நிரலில், அந்தத் தாளில் விழும் அதன் நீளம் எப்போதும் இருபது சென்டிமீட்டர். தாளில் எவ்வளவு இருக்கிறது என்று டேப் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

சின்னி படித்துக் காட்டினாள். அண்ணி பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "அளக்கிறதே தொழிலா இருக்கிறவங்களை அளந்து பாருங்கன்னு சொல்லுதா? நீயே ஏதாவது பதில் போட்டுடு" என்றாள். சின்னி போட்டாள்: "எங்களுக்கு அளக்கக் கற்றுத்தர வேண்டாம். உங்கள் கணக்கைப் பாருங்கள்."

அன்று மாலை கதையைக் கேட்ட அண்ணன், "சும்மா குடுத்தவங்களைத் திட்டுறதுக்கு நம்ம வீட்ல ரெண்டு ஆளா?" என்றான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாத்தனாரும் அண்ணியும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதில் அவனுக்கும் சந்தோஷம்தான். பேசாமல் சாப்பிட்டான்.

குறைகள் பக்கத்தில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அங்கே அவளுக்கு ஒரு பேர் உண்டு. "எனக்கும் சட்டை இறுக்கமாகத்தான் வந்தது." "என் வீட்டுக்காரருக்குப் பேண்ட் இடுப்புக்கு மேல் ஏறவில்லை." "பழைய பதிப்பே தேவலை." இன்னொருவர், தான் இதுவரை எதையும் தைத்ததில்லை என்றும் ஆனால் புதிய பதிப்பின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்றும் எழுதியிருந்தார். நான்கு நாளில் நாற்பத்தொரு பேர். எல்லாருக்கும் நூல்கண்டு பதில் போட்டிருந்தார். எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். ஒருவரும் டேப் வைக்கவில்லை, கோபமாக இருக்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

ஐந்தாம் நாள் காலை உடலளவைத் திறந்தால் வெறும் பக்கம். நடுவில் ஐந்தே வரி.

"நான்கு நாளாகக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். தவறு கண்ணில் படவில்லை. ஆனால் இத்தனை பேர் சொல்லும்போது இல்லை என்று சாதிக்க மாட்டேன். வெட்டிய துணியை மறுபடி ஒட்ட முடியாது. தவறு எங்கே என்று தெரியும் வரை உடலளவை நிறுத்தி வைக்கிறேன்."

அண்ணி திரைமுன் குனிந்து அதை இரண்டு தடவை படித்தாள். "நல்ல வேலைக்காரிதான்" என்றாள். பிறகு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, பென்சிலை எடுத்துக்கொண்டாள். முதுகுக் கோட்டை அளவுகோல் வைத்து இழுத்தாள், நேராக வந்தது. கை வளைவுக்கு வந்ததும் பென்சில் துடித்தது. அழித்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வரைந்தாள். மறுபடி அழித்தாள். நாலாவது தடவை தாளே கிழிந்தது. தாளைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, யாரோ கொடுத்திருந்த தலையணை உறையை எடுத்து ஓரம் அடிக்க உட்கார்ந்தாள். சின்னிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அண்ணி பட்டன் வாங்கப் போயிருந்தாள். கடையில் சின்னி மட்டும். செய்ய வேலை இல்லாத கணினி முன் உட்கார்ந்து பழைய பதில்களைப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே கேள்வி, ஒரு இடத்தில்கூடக் குரல் உயராமல். இவ்வளவு பொறுமையாக ஒருவர் கேட்டதற்கு இப்படி ஒரு பதில் போட்டோமே என்று அவளுக்குக் கூசியது. அலமாரியில் கவுனின் பேட்டர்ன் சுருட்டி வைத்திருந்தது. எடுத்து விரித்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பை முதுகின் நடுக்கோட்டின் மேல் வைத்தாள். சும்மா பார்ப்போமே என்றுதான்.

பத்தொன்பதும் இரண்டு சிறு கோடும்.

திரும்ப வைத்தாள். பத்தொன்பது புள்ளி இரண்டு. இருபதுக்கு எட்டுச் சிறு கோடு குறைவு. நூறுக்கு நாலு. காணாமல் போன நாலு.

அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கணினித் திரையில் அச்செடுக்கும் பெட்டியைத் திறந்தாள். 'தாளுக்குள் அடக்கு' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. அவள் போட்ட டிக். ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை போட்டது. ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டு வந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். டிக்கைப் போட்டால் எல்லாம் கொஞ்சம் சுருங்கித் தாளுக்குள் வந்துவிடும். சான்றிதழ் நூறுக்கு நாலு சுருங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்பது வருஷம் அவளை நல்ல வேலைக்காரி என்று பேர் வாங்க வைத்த கை, யோசிக்காமல் வெல்வெட்டையும் சுருக்கிவிட்டது.

சின்னி டேப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அம்மா வைத்துவிட்டுப் போன துணியைக் கெடுத்தது நூல்கண்டு இல்லை, அவள். நாற்பத்தொரு பேரைக் கிளப்பிவிட்டது அவள். கடைக்கு உயிர் கொடுத்த ஒன்றை மூடவைத்ததும் அவள். டிக்கை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணமும் வந்தது. வரவில்லை என்றால் அவள் மனுஷியே இல்லை. நூல்கண்டுக்கு மட்டும் ரகசியமாக எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் ரகசியமாகச் சொன்னால், நூல்கண்டு அந்த நாற்பத்தொரு பேருக்கும் என்ன பதில் சொல்வார்? அதைவிட, இந்த மூலையில் உட்கார இனி தனக்கு என்ன தகுதி இருக்கிறது? மூலை போனால் அண்ணன் வீட்டில் அவள் மறுபடி தட்டை முந்திக் கழுவுகிறவள்.

அண்ணி பட்டன் பொட்டலத்தோடு வந்தாள். வந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சின்னி?"

"அண்ணி, சாஃப்ட்வேர்ல தப்பில்ல. நான்தான்." அதற்கு மேல் அழுகை வந்துவிடும் போலிருந்ததால் வேகமாகச் சொல்லி முடித்தாள். "ஓரம் வெட்டுப்பட்டு வந்துச்சு. சுருக்கி அடிக்கிற டிக்கைப் போட்டேன். ஜெராக்ஸ் கடைப் பழக்கம். இருபது இருக்க வேண்டியது பத்தொம்பது புள்ளி ரெண்டு இருக்கு. அப்புறம், தைக்கத் தெரியாதவங்கன்னு ஒரு வரி அதுல இருக்கு. அது நீங்க சொன்னது இல்ல. நானா சேர்த்தது."

அண்ணி பொட்டலத்தை வைத்தாள். டேப்பை வாங்கி அந்தக் கோட்டின் மேல் தானே வைத்துப் பார்த்தாள்.

"நீ அமுக்கினது ஒரு பட்டன். துணியை வெட்டினது யார் கை?"

சின்னி மேசைமேல் இருந்த கத்திரியைப் பார்த்தாள்.

"நான் கையால வரைஞ்ச காலத்துல, வெட்டுறதுக்கு முந்தி மூணு இடத்துல டேப் வைப்பேன். என் கோட்டையே நம்ப மாட்டேன். மெஷின் போட்ட கோடு அவ்ளோ அழகா இருந்துச்சா, கண்ணை மூடிக்கிட்டு வெட்டிட்டேன். வச்சுப் பாருங்கன்னு அது கேட்டப்பவும் வைக்கல. எனக்கு வந்த ரோஷம்." டேப்பைச் சுருட்டினாள். "அழாத. அழுதா எழுத்து தெரியாது. உட்காரு, எழுதணும்."

"என் பேர்ல எழுதிடறேன் அண்ணி. உங்க பேர் எதுக்குக் கெடணும்?"

"திட்டும்போது என் பேர்ல திட்டினோம். இப்ப மட்டும் எதுக்கு உன் பேரு?"

இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? இருபத்திரண்டு வருஷமாக அளவு தப்பாதவள் என்று சேர்த்த பேர், நாற்பத்தொரு பேர் பார்க்கும் இடத்தில் போகப்போகிறது. அண்ணி அதைப் பழைய ஊசியைத் தூக்கிப் போடுகிற மாதிரி போட்டாள். சின்னிக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தால் திட்டு விழும் என்பதால் தட்டச்சுப் பலகையில் கையை வைத்தாள்.

எழுதுவதற்கு அந்த மத்தியானம் முழுவதும் பிடித்தது. சின்னி முதலில் பெரிய மன்னிப்பாக எழுதிக் காட்டினாள். அண்ணி தலையாட்டினாள், சம்மதம் என்று அல்ல.

"மன்னிப்பு ஒரு வரி போதும். இதை வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்? வயலின்காரம்மா டிரையல்ல எப்படிச் சொன்னாங்க? இறுக்கமா இருக்குன்னு கத்திட்டா போனாங்க? எங்க நல்லா இருக்கு, எங்க இழுக்குது, கையை எவ்ளோ தூக்கினா இழுக்குதுன்னு சொன்னாங்க. ஊசி குத்த வேண்டிய இடம் எனக்கு அப்பவே தெரிஞ்சுது. அந்த மாதிரி எழுது."

கடைசியில் போனது இதுதான்:

"உங்கள் கணக்கு சரி. தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டபடி இன்று டேப் வைத்துப் பார்த்தோம். இருபது இருக்க வேண்டிய கோடு பத்தொன்பது புள்ளி இரண்டு இருக்கிறது. அச்செடுக்கும்போது 'தாளுக்குள் அடக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்ததால் எல்லாத் தாளும் நூறுக்கு நாலு சுருங்கிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கடையில் பேட்டர்ன் எடுப்பவர். அளக்காமல் வெட்டியவள் மாஸ்டர் என்று சொல்லிக்கொள்ளும் நான்.

"அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் சொல்கிறோம், உங்களுக்கு உதவலாம். பழைய பதிப்பில் கோடுகள் தாளின் ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே இருந்தன. புதியதில் ஓரம் வரை போகின்றன. தாள் மிச்சமாகிறது, நல்ல எண்ணம். ஆனால் எங்கள் பிரிண்டரால் ஓரம் வரை அடிக்க முடியவில்லை, கோடு வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டால் யாராக இருந்தாலும் சுருக்கத்தான் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கும் இதுவே நடந்திருக்கலாம். கோடுகளை மறுபடி ஒரு விரல் உள்ளே தள்ளினால் நல்லது. முதல் தாளின் மூலையில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு, 'வெட்டுமுன் இதை அளக்கவும்' என்று எழுதினால், எங்களைப் போன்ற அவசரக்காரர்கள் தப்பிப்போம்.

"தோள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறீர்களே, அதை எந்தப் பதிப்பிலும் எடுத்துவிடாதீர்கள். மணிக்கட்டு உடைந்த ஒருத்தி கடை நடத்துவது அதனால்தான்."

கடைசிப் பத்தியைச் சின்னி சேர்த்தாள். இந்தத் தடவை படித்துக் காட்டிவிட்டுச் சேர்த்தாள். அண்ணி "ம்" என்று மட்டும் சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டம் என்ன சொல்லுமோ என்று சின்னி பயந்துகொண்டே இருந்தாள். அரை மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு பேண்ட் ஏறாத வீட்டுக்காரரின் மனைவி எழுதினார்: "டேப் வைத்தேன். பத்தொன்பது புள்ளி மூன்று. எங்கள் வீட்டுக்காரர் குண்டாகிவிட்டார் என்று நான்கு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்." அவருக்குப் பின்னால் இன்னொருவர்: பத்தொன்பது புள்ளி ஒன்று. இன்னொருவர்: பதினெட்டு புள்ளி ஒன்பது. மாஸ்டரே அளக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்வதில் மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? மாலைக்குள் இருபத்தெட்டுப் பேர் அளவை மட்டும் எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். நிறம் பிடிக்காதவர் மட்டும் நிறத்தில் பிடிவாதமாக நின்றார்.

மறுநாள் காலை நூல்கண்டின் பதில் ஒரு படத்தோடு வந்தது. தொங்கவிட்ட ஒரு சட்டை. இடது கை சரியாக இருந்தது. வலது கை உள்பக்கம் வெளியே தெரியத் தைக்கப்பட்டிருந்தது. கழுத்துப் பட்டி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது.

"எனக்குத் தைக்கத் தெரியாது என்று நீங்கள் எழுதியது உண்மை. கணக்கில் தவறு கிடைக்காதபோது, தைத்துப் பார்த்தால் கிடைக்குமோ என்று ஒரு மெஷினை இரவல் வாங்கிக் கற்றுக்கொண்டேன். இது என் முதல் சட்டை. சரியாகப் பொருந்துகிறது, அதனால் குழப்பம் இன்னும் கூடியது. ஓரம் வரை கோடு போனது என் தவறு. என் பிரிண்டர் ஓரம் வரை அடிக்கும், எல்லாருடையதும் அடிக்கும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நீங்கள் சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன். ஆனால் இன்னும் வெளியிடவில்லை. டேப் வைத்தவர் முதலில் அச்செடுத்துப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் மற்றவர்களுக்குத் திறப்பேன்."

அண்ணி அந்தச் சட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டிய சட்டைதான். "தோள் தையல் நேரா வந்திருக்கு. முதல் சட்டைக்கு அது வராது. அதை எழுது, மத்ததை அப்புறம் சொல்லலாம்" என்றாள். "அப்புறம், உன்னைத்தானே பார்க்கச் சொல்லுது. பாரு."

சின்னி டிக்கை எடுத்துவிட்டு அச்செடுத்தாள். ஓரம் வெட்டுப்படவில்லை. மூலையில் சின்னக் கட்டம். அளந்தாள், ஐந்து. அதோடு விடாமல் இருபத்தெட்டுத் தாளையும் தரையில் பரப்பி, முழங்காலிட்டு ஒவ்வொன்றாக அளந்தாள். அளவெல்லாம் சரி. ஆனால் பதினோராவது தாளில் பக்க எண் வெட்டுக்கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. அளவு தெளிவாக இருப்பதையும், கட்டம் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதையும் எழுதி, பதினோராவது தாளைப் படம் எடுத்து, எண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் வெட்டும்போது குழப்பம் வராது என்று அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் எண் நகர்ந்துவிட்டது. "இப்போது சரி" என்று எழுதினாள். அவள் அந்த இரண்டு சொல்லை அனுப்பிய பிறகுதான் உடலளவு எல்லாருக்கும் திறந்தது.

பிறகு தாள்களை ஒட்டினார்கள். மீதி வெல்வெட்டை மேசையில் விரித்து, ரோமம் ஒரே பக்கம் படும்படி கையால் தடவிவிட்டு, பேட்டர்னை மேலே வைத்துக் குண்டூசி குத்தினார்கள். நாலு பக்கமும் விரல் அளவுகூட மிச்சமில்லை. அண்ணி கத்திரியை எடுத்தாள். கத்திரியின் வாய் துணியின் ஓரத்தில் போய் நின்றது, ஆனால் மூடவில்லை.

"சின்னி, வெட்டலாமா?"

அந்தக் கடையில் மாஸ்டர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. சின்னி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கத்திரியைப் பிடித்தபடி காத்திருந்தாள். சின்னி டேப்பை எடுத்து முதுகின் நடுக்கோட்டில் வைத்தாள். பிறகு மார்பில், தோள்கள் இரண்டிலும். அவசரப்படவில்லை.

"வெட்டுங்க அண்ணி" என்றாள்.